ஒதுக்கிப்போட்ட தகரமும் நம்முடைய மரக்கறிப் பாத்தியும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் அணியினர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடைக்கு முன்னால் நாங்கள் பரப்பி வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்துப் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். பழைய எண்ணெய்க் கேன், தேய்ந்துபோன மம்பட்டி, உடைந்த குடை, உரப்பை, ஆணி அடித்த பலகைத்துண்டு. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்துவிட்டாரோ என்று ஒரு அக்கா கேட்டார். சிரிக்கலாம், தப்பில்லை. எங்கள் லயத்திலும் முதலில் சிரித்தார்கள். இப்போது அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "அந்தச் சல்லடையைக் கொஞ்சம் தாங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

நாங்கள் ஒரு டிவிசனில் இருக்கும் ஒன்பது குடும்பங்கள். 2022 இல்தான் இதைத் தொடங்கினோம். அந்த ஆண்டை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அதற்கு முந்தின ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. பிறகு டொலர் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மாவு இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்தின ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபாய் கொடுத்தோம். 2021 இல் போராடி வாங்கிய 1000 ரூபாய் நாட்சம்பளம் அடுத்த ஆண்டே கடை வாசலில் பாதியாகிப் போனது. அப்போதுதான் லயத்துக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்த ஆரம்பித்தோம். கொத்தலாம் என்று இறங்கினால் கையில் ஆயுதம் இல்லை. மலையில் வேலை செய்யும் மம்பட்டியும் முள்ளும் தோட்டத்துடையது, மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடையில் ஒரு நல்ல பூவாளியின் விலையைக் கேட்டோம். ஒரு முழுப் பேர் அதிலேயே போய்விடும் போலிருந்தது. போஞ்சி காய்க்குமா காய்க்காதா என்று தெரியாத நிலையில் யார் அந்தக் காசைப் போடுவார்கள்?

பழையதை வைத்துப் புதியது செய்வது நமக்குப் புதுப்பழக்கமா? இல்லை. தேயிலைப் பெட்டி இருந்த காலத்தில் அதன் பலகையில்தான் அலுமாரி, அதன் பலகையில்தான் சாமித்தட்டு, அதன் தகரப் பட்டையில்தான் மூலைக்கட்டு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வாளி செய்தவர்கள் நம்முடைய பாட்டன்மார். பெட்டி போய்க் கடதாசிப் பை வந்தது, டின் போய் பிளாஸ்டிக் கேன் வந்தது. சாமான்தான் மாறியிருக்கிறது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மரக்கறித் தோட்டத்தில் பெண்களின் முதுகை உடைப்பது தண்ணீர்தான். பகல் முழுக்கக் கொழுந்து சுமந்த முதுகு, மாலையில் பீலிக்கரையிலிருந்து 20 லீற்றர் வாளியைத் தூக்குகிறது. தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதைச் சரிவான பாத்தியில் வாளியோடு ஊற்றினால் பாதித் தண்ணீர் கானுக்குப் போகும், போகும்போது விதையையும் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். சும்மா தூக்கினோம், சும்மா ஊற்றினோம்.

இந்தக் கேனைப் பாருங்கள். 5 லீற்றர் சமையல் எண்ணெய்க் கேன். மூடியில் சிறிய ஆணியைச் சூடாக்கி 20, 25 துளை போட்டிருக்கிறோம். முதல் கேனில் பெரிய ஆணியால் போட்டோம், தண்ணீர் மழை மாதிரி வராமல் பீலி மாதிரி வந்தது. கோணி ஊசி பருமன் போதும். துளையை மூடியின் உட்பக்கமிருந்து வெளியே குத்துங்கள், பிசிறு வெளியே நிற்கும், அதைப் பிளேட்டால் சீவிவிடலாம். இன்னொரு முக்கியமான துளை இருக்கிறது. கைப்பிடியின் மேல்பகுதியில், கட்டைவிரல் படும் இடத்தில் ஒன்று. அது இல்லாவிட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கேன் சுருங்கிச் சுருங்கித் திக்கித் திக்கித்தான் ஊற்றும். அது இருந்தால் தண்ணீர் ஒரே சீராக வரும், விரலால் அடைத்தால் அளவு குறையும். இப்படி ஊற்றும்போது முன்பு இரண்டு வாளி குடித்த பாத்திக்கு ஒரு வாளி போதுமாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்கிற கணக்கு இது. தூக்குகிறவர்களுக்குத்தானே கணக்குத் தெரியும்.

தக்காளி, மிளகாய்க்கு இன்னும் சுலபம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியை வெட்டி, மூடியில் ஒரே ஒரு துளை போட்டு, தலைகீழாகச் செடிக்குப் பக்கத்தில் புதைத்துவிடுங்கள். ஊற்றிய தண்ணீர் நேராக வேருக்குப் போகும். துளையில் மண் அடைக்காமல் இருக்கப் பழைய துணித்துண்டு ஒன்றை உள்ளே வைக்க வேண்டும்.

மழைத்தண்ணீர் பிடிப்பதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறோம், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். பழைய லயத்துக் காம்பரா ஒன்று 10 அடிக்கு 12 அடி, கிட்டத்தட்ட 11 சதுர மீற்றர். அதன் மேல் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 110 லீற்றர், அதாவது அரை பீப்பா. அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே, ஜூனில் தண்ணீருக்குக் குறையில்லை, சேர்த்தும் வைக்கத் தேவையில்லை. ஜனவரி தொடங்கி மார்ச் வரையில்தான் கஷ்டம். இடையில் வரும் ஒரு மழையைக்கூட விட்டுவிடக்கூடாது. மூங்கிலை இரண்டாகப் பிளந்து கணுவைத் தட்டிவிட்டால் பீலி தயார். கூரை மாற்றும்போது கழற்றிய பழைய தகரத்தையும் நீளவாக்கில் மடித்துக்கொள்ளலாம். தகரத்தின் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்துத் தட்டுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். துருப்பிடித்த தகரம் கிழித்தால் ஏற்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.

பீப்பாவுக்கு மூடி கட்டாயம். கிழிந்த நுளம்பு வலையை இரண்டு மடிப்பாக வைத்துப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினால் போதும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து வெளியே பறக்க ஒரு கிழமை, பத்து நாள்தான் எடுக்கும். ஆகவே திறந்து கிடக்கும் டின், டயர், சிரட்டை எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்க்க வேண்டும். 2007 ஆம் ஆண்டிலிருந்து இதற்குச் சட்டமே இருக்கிறது, தண்டமும் உண்டு. சேர்த்து வைக்கிறோம் என்று லயத்தைச் சுற்றிக் குப்பை குவித்தால் முதலில் காய்ச்சல் வருவது நம் பிள்ளைக்குத்தான்.

இனி ஆயுதங்கள். தேய்ந்த மம்பட்டியைத் தூக்கி எறியாதீர்கள். மலையில் வேலைக்கு ஆகாத அளவு தேய்ந்துவிட்டது என்றால், பாத்தியில் களை எடுக்க அதுதான் சரியான அளவு. பாரமில்லை. வயதானவர்களும் பிடிக்கலாம். அரத்தால் விளிம்பைத் தீட்டி, கட்டையான பிடி ஒன்று போட்டோம். பிடி விஷயத்தில்தான் நாங்கள் நிறைய ஏமாந்தோம். கையில் கிடைத்த பச்சைக் கம்பை வெட்டி அன்றைக்கே மாட்டினோம். இரண்டு கிழமையில் கம்பு காய்ந்து சுருங்கி மம்பட்டி ஆடத் தொடங்கியது. ஒருநாள் கொத்தும்போது கழன்று பறந்து பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டில் போய் விழுந்தது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் ஏச்சு. பிறகு எங்கள் டிவிசனில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற மாமா, ஸ்டோரில் முப்பது வருஷம் தச்சு வேலைக்குத் துணையாக இருந்தவர், சொல்லிக்கொடுத்தார். கொய்யாக் கம்பு நல்லது, இறுகல். தோலோடு வெட்டி, வெயில் படாமல் அடுப்பங்கரைக் கூரைக்குள் மூன்று கிழமையாவது செருகி வையுங்கள். பிறகு தோலைச் சீவி, காதுக்குள் இறக்கி, காய்ந்த மரத்தில் ஆப்பு வைத்து அடியுங்கள். அவசரத்துக்குத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது ஒருநாள் வேலைக்குத்தான் உதவும்.

இந்தப் பலகைத்துண்டு ஒரு வாரி. ஒரு அடி நீளப் பலகையில் எட்டு நான்கு அங்குல ஆணி, ஒன்றேகால் அங்குல இடைவெளியில். முதலில் சிறிய துளை போட்டுவிட்டு ஆணி அடித்தால் பலகை பிளக்காது. கல் பொறுக்க, மண் சமப்படுத்த இதுவே போதும். நாற்று நடக் குழி போடும் கம்பு, கவ்வாத்து மிலாறில் சீவியது. போஞ்சிக் கொடி ஏறவும் மிலாறுதான், விறகுக்குப் போகுமுன் நேரான கம்புகளைப் பிரித்துவிடுங்கள்.

சல்லடைதான் எங்கள் டிவிசனின் பொதுச் சொத்து. இரண்டு அடிக்கு ஒன்றரை அடிச் சட்டம், அரை அங்குலக் கண் உள்ள பழைய கம்பி வலை. கூட்டெருவை இதில் சலித்து, மெல்லியதை நாற்றுக்கும் மிஞ்சியதைத் திரும்பக் குவியலுக்கும் போடுகிறோம். கூட்டெருக் குவியலுக்கும் பெரிய செலவில்லை. நான்கு கம்பு நட்டு உரப்பையைச் சுற்றிக் கட்டினால் தொட்டி. கிளிரிசிடியா இலை, மாட்டு எரு, அடுப்புச் சாம்பல் கொஞ்சம், சமையல் கழிவு. மழைக்கு மேலே மூட வேண்டும், இல்லாவிட்டால் சத்தெல்லாம் கரைந்து ஓடிவிடும். உரப்பை வெயிலில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. நார் நாராகப் பிரிந்து மண்ணில் கலக்கும் முன் மாற்றிவிடுங்கள். படங்கு தைத்துப் பழகிய கைகளுக்குப் பை தைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யோகட் கப், பால்மா பக்கெட், சிரட்டை எல்லாம் நாற்றுக்கு ஆகும், அடியில் துளை இருந்தால் சரி. உடைந்த குடையைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். துணியைக் கழற்றி, கம்பிக்கூட்டை விரித்துப் பாத்தியில் குத்தி, மேலே பொலித்தீன் போட்டால் நாற்றுக்குக் கூடாரம். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இரவுகளில் உரப்பையால் மூடினாலும் நாற்று பிழைக்கும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

எடுக்கக் கூடாத சாமான்கள் சில உண்டு. களைநாசினி, பூச்சிநாசினி வந்த கேன் வேண்டவே வேண்டாம். மூன்று தடவை அலசிவிட்டோம் என்பார்கள். அலசுவது அதைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதற்கு, வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு அல்ல. இன்றைக்குப் பூவாளியாக இருக்கும், நாளைக்கு யாராவது விவரம் தெரியாமல் அதில் குடிதண்ணீர் பிடிப்பார்கள். உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட்டைப் பாத்தி ஓரத்துக்கு வைக்கிறேன் என்று அறுக்காதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது.

பன்றிக்கு வேலி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தகரத்தைத் தொங்கவிடுங்கள், முள் நடுங்கள், காவல் இருங்கள். கரண்டு கம்பி இழுக்காதீர்கள். இருட்டில் அதில் மிதிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். சுருக்குக் கம்பியும் வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை இறந்தது நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். சுருக்கு பன்றி எது சிறுத்தை எது என்று பார்ப்பதில்லை. வழக்கு வந்தால் பெயர் கெடுவது தோட்டத்து மக்களுக்கு.

இப்போது, நாங்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்கிறோம்.

எங்கள் ஒன்பது குடும்பத்தில் ஒரு தம்பி. ஸ்டோருக்குப் பின்னால் புல்லுக்குள் பல வருஷமாகக் கிடந்த பைப் துண்டு ஒன்றை, ஆறு அடி இருக்கும், தண்ணீர் இறக்க உதவும் என்று தோளில் வைத்துக்கொண்டு வந்தான். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. திருடுகிறவன் அப்படியா வருவான்? வாச்சர் எழுதிக்கொடுத்தார். மறுநாள் குற்றப்பத்திரக் கடிதம். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. தலைவரும் நாங்களும் ஆபீசுக்கு நடந்தோம். "துருப்பிடித்த இரும்புதானே" என்றோம். "துருப்பிடித்தாலும் தோட்டத்துச் சொத்து" என்றார்கள். சட்டப்படி அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலைக்கு எடுத்தார்கள். அந்த மூன்று கிழமைப் பேர் இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இரவில் ஒன்பது வீட்டிலும் அரிசி ஒதுக்கித்தான் அந்த அடுப்பு எரிந்தது. அவன் மனைவி இன்றைக்கும் அந்தப் பாத்திப் பக்கம் போவதில்லை.

அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு. "கிடப்பதை எடுத்துச் செய்வோம்" என்று சொல்லிக்கொடுத்தோமே தவிர, கேட்டு எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கழிவு என்று நமக்குத் தோன்றுவதும் கழிவு என்று தோட்டம் ஒதுக்கியதும் ஒன்றல்ல. சில தோட்டங்களில் தேய்ந்த மம்பட்டியைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள், அதையும் கணக்கில் வைத்திருப்பார்கள்.

அதன் பிறகு நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். தனி ஆளாக யாரும் எடுப்பதில்லை. என்ன சாமான், எத்தனை, எங்கே கிடக்கிறது, எதற்குத் தேவை என்று தலைவர் கடிதம் எழுதுவார். இரண்டு பிரதி. ஆபீசில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையெழுத்தும் திகதியும் வாங்குவோம். "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்வதில்லை. சொன்ன துரை மாற்றலாகிப் போய்விடுவார், வாச்சர் புதியவர் வருவார், கடிதம் மட்டும்தான் இருக்கும். உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்ட இடத்தில் அநேகமாகத் தந்திருக்கிறார்கள். கழற்றிய தகரம், சல்லடைக்குப் போட்ட கம்பி வலை, இரண்டு பீப்பா எல்லாம் அப்படி வந்தவை. பீப்பாவில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு அதையும் எழுதி வாங்கினோம். ஒரு தடவை மறுத்தார்கள், திரும்பி வந்தோம். மறுப்பை வாங்கிக்கொண்டு வருவதால் யாருக்கும் வேலை போகாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சம்பளத்தைப் பற்றிக் கதைக்கும்போது, "உங்களுக்கு மரக்கறித் தோட்டம் இருக்கிறதே, செலவு குறைவுதானே" என்று எங்களிடமே ஒருவர் சொன்னார். இதை உள்ளே விடாதீர்கள். அந்தப் பாத்தியில் விளைவது எட்டு மணிநேர வேலைக்கு மேல், பெரும்பாலும் பெண்கள், இருட்டும்வரை செய்யும் இன்னொரு வேலையின் பலன். அதைத் தோட்டம் கொடுத்த சம்பளமாக எழுத முடியாது. அத்தோடு, நாங்கள் கொத்தும் நிலத்துக்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. நாளைக்கு அந்த இடத்தில் கன்று நட வேண்டும் என்றால் எங்கள் கூட்டெருவும் சேர்ந்து போகும். காணி உரிமை கேட்கும்போது இந்தப் பாத்திகளையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சங்கத்திடம் சொல்லியிருக்கிறோம். பழைய கேனில் துளை போடத் தெரிந்ததால் நம்முடைய கோரிக்கை ஒரு சதம்கூடக் குறையவில்லை.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே மரத்தடியில் உட்காருவோம். ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் கேன் கொண்டு வந்தவர்கள் கையோடு துளை போட்டுக்கொண்டு போகலாம். ஆணி, அரம், சைக்கிள் டியூப், அடுப்பு எங்களிடம் இருக்கின்றன. பிடி போட மம்பட்டி கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், காய்ந்த கொய்யாக் கம்பு ஆறு கொண்டு வந்திருக்கிறோம். ஆபீசுக்கு எழுதும் கடிதத்தின் மாதிரி வாசல் மேசையில் இருக்கிறது, டிவிசனுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.